வேட்டைக்காரத் துரையும் மலையகத்துச் சிறுத்தைகளும்

இலங்கையின் புகையிரதப் பாதையில் மிக உயரத்தில் அமைந்த நிலையம் பட்டிப்பொல. கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கும் மேலே, பனிமூட்டத்துக்குள் பாதி நாளைக் கழிக்கும் இந்தச் சிற்றூரிலிருந்துதான் ஹோட்டன் சமவெளிக்கு ஏறும் பாதைகளில் ஒன்று தொடங்குகிறது. விடுமுறை நாட்களில் நாட்டின் நாலா திசைகளிலிருந்தும் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் குடும்பம் குடும்பமாக இவ்வழியே சென்று, உலக முடிவையும் பேக்கர் நீர்வீழ்ச்சியையும் பார்த்துத் திரும்புகின்றனர். அந்த நீர்வீழ்ச்சிக்குப் பெயர் தந்த பேக்கர் யார் என்று கேட்போர் மிகச் சிலரே.

அவர் சாமுவேல் வைட் பேக்கர். உலக வரலாற்று நூல்கள் அவரை ஆபிரிக்காவில் நைல் நதியின் மூலத்தைத் தேடிச் சென்ற பயணியாகவும், எகிப்திய ஆட்சியாளரின் ஆணையை ஏற்று அடிமை வணிகத்தை எதிர்த்துப் போரிட்டவராகவும் அறியும். ஆனால் அவரது பெயரை முதன்முதலில் வெளியுலகுக்குக் கொண்டு சென்றவை நமது மலைநாட்டுக் காடுகளே. குடும்பத்தோடு பொழுது போக்குவதற்காகக் காட்டு விலங்குகளை வேட்டையாடுவது என்ற வழக்கம் இம்மலைகளில் எவ்வாறு வேரூன்றியது, அதன் விளைவு என்ன என்பதை அறிய விரும்புவோர் இவரது வாழ்க்கையைத் தெரிந்துகொள்வது அவசியமாகும்.

பேக்கர் 1821ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் திகதி இலண்டனில் பிறந்தார். தந்தையார் சீனி வணிகர், கப்பல்களுக்கும் உரிமையாளர், வங்கித் தொழிலிலும் ஈடுபட்டிருந்தவர். பணத்துக்குக் குறைவில்லாத குடும்பம். ஆயினும் இலண்டன் அலுவலகத்தில் கணக்கேடுகளுக்கு முன் அமர்ந்திருக்க மகனுக்குப் பொறுமை இருக்கவில்லை. 1843இல் அவரும் அவரது தம்பி ஜோனும் உடன்பிறந்த சகோதரிகள் இருவரைத் திருமணம் செய்து கொண்டனர். சாமுவேலின் மனைவி ஹென்ரியெட்டா. குடும்பத்துக்குச் சொந்தமான மொரிஷியஸ் தீவுக் கரும்புத் தோட்டத்தில் சில காலம் இருந்த பின்னர், 1846இல் பேக்கர் இலங்கைக்குக் கப்பலேறினார். அவர் வந்தது கோப்பி பயிரிட அல்ல, யானை வேட்டையாட.

அன்றைய இலங்கையில் யானை வேட்டை ஆங்கிலேய அதிகாரிகளின் பெருமைக்குரிய பொழுதுபோக்காக இருந்தது. பதுளையில் அரச அதிகாரியாகப் பணியாற்றிய மேஜர் ரொஜர்ஸ் 1,400க்கும் அதிகமான யானைகளைச் சுட்டுக் கொன்றதாகக் கூறப்பட்டது. பேக்கர் வருவதற்கு ஓராண்டுக்கு முன்னர், 1845இல், அந்த அதிகாரி ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவரது கல்லறை நுவரெலியாவில் உள்ளது. தனி மனிதர்களின் ஆசையோடு இது நின்றுவிடவில்லை. யானைகளைக் கொல்வோருக்கு அரசாங்கமே வெகுமதி வழங்கியது. அக்காலத்தில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் எழுதி வைத்துள்ள கணக்கின்படி, 1848க்கு முந்திய மூன்றாண்டுகளுக்கும் குறைவான காலத்தில் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்கு வெகுமதி கொடுக்கப்பட்டது. 1851க்கும் 1856க்கும் இடையில் தென் மாகாணத்தில் மேலும் 2,000 யானைகள் கொல்லப்பட்டன.

இத்தகைய காலத்தில் வந்திறங்கிய பேக்கர், தாழ்நிலக் காடுகளில் ஓராண்டுக்குக் குறையாமல் வேட்டையாடித் திரிந்து கடுங்காய்ச்சலுக்கு ஆளானார். உடல் தேறுவதற்காக அவர் நுவரெலியாவுக்கு அனுப்பப்பட்டார். 1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் உடல்நலம் பேணும் தங்குமிடமாக்கிய அந்தக் குளிர்ந்த பள்ளத்தாக்கில் இரண்டே வாரங்களில் அவர் தேறி எழுந்தார். இங்கிலாந்துக் கிராமம் ஒன்றை அப்படியே பெயர்த்தெடுத்து வந்து இங்கே நட்டுவிடலாம் என்ற எண்ணம் அப்போதுதான் அவருக்கு உதித்தது.

1848இல் அவர் தம்பி ஜோனோடும் குடும்பத்தினரோடும் மீண்டும் வந்தார். பண்ணை மேற்பார்வையாளர், கொல்லர், குதிரைக்காரர் ஆகியோரும், உயர் இன மாடுகள், குதிரைகள், வேட்டை நாய்கள், ஏர்க் கலப்பைகள், விதைகள் ஆகியனவும் உடன் வந்தன. மற்றொரு தம்பியான வலன்டைனும் இலங்கைக்கு வந்து படையில் சேர்ந்தார். இவரே பிற்காலத்தில் உதுமானியப் பேரரசின் படைத்தளபதிகளுள் ஒருவராகி பேக்கர் பாஷா என அழைக்கப்பட்டவர்.

பண்ணை எளிதில் உருவாகவில்லை. வண்டி இறம்பொடைக் கணவாயில் கவிழ்ந்து நொறுங்கியது. கொண்டுவந்த மாடுகள் பல நோயினால் மாண்டன. முதலில் நட்ட உருளைக்கிழங்கைப் புழுக்கள் தின்று தீர்த்தன. ஆயினும் பேக்கர் சகோதரர்கள் பின்வாங்கவில்லை. யானைகளைப் பழக்கி ஏர் பூட்டினார்கள். காடு வெட்டப்பட்டு வயல் உருவானது. இன்று நுவரெலியாவின் அடையாளமாகிவிட்ட கரட், கோவா, லீக்ஸ், உருளைக்கிழங்கு போன்ற மலைநாட்டு மரக்கறிப் பயிர்ச்செய்கையின் முன்னோடிகளாகப் பேக்கர் குடும்பத்தினர் நினைவுகூரப்படுகின்றனர்.

இதே ஆண்டுகளில்தான் தென்னிந்தியத் தமிழர் ஆயிரக்கணக்கில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, கோப்பித் தோட்டங்களுக்கு வந்து கொண்டிருந்தனர். வழியில் பசியாலும் காய்ச்சலாலும் இறந்தோர் ஏராளம். துரைக்கு வேட்டைக்களமாகத் தெரிந்த அதே காடு, எங்கள் முன்னோருக்கு உயிர் பிழைத்துக் கடக்க வேண்டிய இடமாக இருந்தது. மலையக வரலாற்றைப் படிக்கும்போது இந்த வேறுபாட்டை மறந்துவிடலாகாது.

பண்ணை வேலை பகலில்; விடியற்காலையோ வேட்டைக்கு உரியது. கொம்பு ஊதப்பட்டதும் நாய்க்கூட்டம் அவிழ்த்து விடப்படும். மூன் சமவெளி, எல்க் சமவெளி, தொட்டபொல, ஹோட்டன் சமவெளி என அவர் வேட்டையாடிய இடங்களின் பெயர்கள் அவரது நூல்களில் நிறைந்துள்ளன. இவற்றுள் தொட்டபொல மலை பட்டிப்பொலவிலிருந்து ஹோட்டன் சமவெளிக்குச் செல்வோரின் கண்ணில் படுவது. மலைநாட்டின் அடர்ந்த காட்டில் அவர் துப்பாக்கியைப் பெரும்பாலும் எடுத்துச் செல்வதில்லை. நாய்கள் மரையைத் துரத்திக் கொண்டு போய் ஆற்று மடுவில் நிறுத்தும். அவர் கால்நடையாக ஓடிச் சென்று, நீருக்குள் இறங்கி, நீண்ட கத்தியால் அதைக் குத்தி முடிப்பார். தம்பிமாரும் விருந்தினரும் இதில் சேர்ந்து கொண்டனர். இவ்வாறு வேட்டை ஒரு குடும்பத்தின் அன்றாடப் பொழுதுபோக்காயிற்று.

அந்தக் காட்டுக்கு ஏற்கெனவே ஒரு வேட்டைக்காரன் இருந்தான். அவன் சிறுத்தை. மரையும் கேளையும் காட்டுப்பன்றியும் அதன் இயற்கையான இரை. புலியோ சிங்கமோ இல்லாத இலங்கைத் தீவில் உணவுச் சங்கிலியின் உச்சியில் இருப்பது சிறுத்தையே. பேக்கர் குடும்பம் அங்கே குடியேறியதும் மாட்டுத் தொழுவங்களும் நாய்க் கூடங்களும் அதற்குப் புதிய இரையைக் காட்டின. கால்நடைகளும், பெருஞ்செலவில் கொண்டுவந்த வேட்டை நாய்களும் அவ்வப்போது சிறுத்தைக்குப் பலியாயின. உடனே அது திருடனாகவும் பகைவனாகவும் கருதப்பட்டது. அதன் காட்டில் அதன் இரையை விளையாட்டாகக் கொன்று குவித்தவர்களே அதைக் கொள்ளைக்காரன் என்று தீர்ப்பளித்தார்கள். தோட்டங்கள் பெருகிய காலத்தில் சிறுத்தையை எப்படியேனும் ஒழிப்பது நற்செயலாகவே எண்ணப்பட்டது. ஆட்டை இரையாகக் கட்டிய கூண்டும், கயிற்றில் கால் பட்டவுடன் தானாக வெடிக்கும் கட்டுத்துவக்கும் அதற்காக வைக்கப்பட்டன. தோலை விரித்து வரவேற்பறைச் சுவரில் மாட்டுவது துரைமார் பங்களாக்களின் நாகரிகமாயிற்று.

பேக்கர் கிழக்கிலும் வேட்டையாடினார். அங்கே யானை பிடிக்கும் முஸ்லிம் பணிக்கர்களை அவர் கண்டார். இவர்கள் துப்பாக்கியின்றி, தோலால் முறுக்கிய கயிற்றைக் கொண்டு காட்டு யானையின் பின்னங்காலில் சுருக்கிட்டு, மரத்தோடு பிணைத்து உயிருடன் பிடிப்பவர்கள். பிடிபட்ட யானைகள் வேலைக்காகவும் ஊர்வலங்களுக்காகவும் இந்தியாவுக்கும் விற்கப்பட்டன. துணிவில் தமக்கு நிகர் எவருமில்லை என்று நம்பிய பேக்கர், வெறுங்கையோடு யானையின் பின்னால் ஓடும் இந்த மனிதர்களின் ஆற்றலை வியந்து விரிவாக எழுதினார். அது ஒரு தொழில். தலைமுறை தலைமுறையாக வந்த அறிவு. விலங்கைக் கொல்லாமல் பிடிப்பதில்தான் அதன் வருமானமே இருந்தது. வேட்டையையே விளையாட்டாகக் கொண்டவருக்கும் இவர்களுக்கும் இடையிலிருந்த தூரம் இதுவே.

1855இல் உடல்நலம் குன்றியதால் பேக்கர் இலங்கையை விட்டுப் புறப்பட்டார். தம்பி ஜோன் பண்ணையில் தொடர்ந்தார். அதே ஆண்டின் இறுதியில் ஹென்ரியெட்டா பிரான்சில் காய்ச்சலால் இறந்தார். ஆண் பிள்ளைகள் சிறுவயதிலேயே மடிந்திருந்தனர். எஞ்சிய நான்கு பெண்பிள்ளைகளைச் சகோதரியிடம் ஒப்படைத்துவிட்டு, பேக்கர் மீண்டும் ஊர் ஊராக அலையத் தொடங்கினார்.

அவரது வாழ்வின் திருப்பம் 1859இல் நேர்ந்தது. பஞ்சாபின் கடைசி மகாராஜாவான துலீப் சிங்கோடு தன்யூப் நதியில் வேட்டைப் பயணம் சென்றவர், விடின் நகரில் அடிமைச் சந்தை ஒன்றைக் கண்டார். அங்கே விற்பனைக்கு நிறுத்தப்பட்டிருந்த இளம்பெண் ஒருவரை மீட்டுத் தன்னோடு அழைத்துச் சென்றார். திரான்சில்வேனியாவில் பிறந்து, போர்க் கலவரத்தில் குடும்பத்தை இழந்த அப்பெண்தான் புளோரன்ஸ். பின்னர் அவர் பேக்கரின் மனைவியானார். ஆபிரிக்கப் பயணம் முழுவதிலும் காய்ச்சலையும் பசியையும் கிளர்ச்சிகளையும் கணவரோடு சேர்ந்து தாங்கினார்.

1861இல் எகிப்திலிருந்து புறப்பட்ட இருவரும் 1864 மார்ச் 14ஆம் திகதி பேரேரி ஒன்றின் கரையை அடைந்தனர். அங்கு வாழ்ந்த மக்கள் தலைமுறைகளாக அறிந்திருந்த அந்த ஏரிக்குப் பேக்கர், விக்டோரியா மகாராணியின் மறைந்த கணவரின் பெயரை இட்டார். ஆல்பர்ட் ஏரி என்று இன்றும் அது வழங்குகிறது. நாடு திரும்பியவருக்கு அரச புவியியல் சங்கத்தின் தங்கப் பதக்கமும், 1866இல் சேர் பட்டமும் கிடைத்தன. ஆனால் அடிமைச் சந்தையிலிருந்து வந்த புளோரன்ஸை மகாராணி தமது அவைக்கு ஏற்க மறுத்துவிட்டார்.

1869இல் எகிப்தின் கெடீவ் இஸ்மாயில் பாஷா, நைல் நதியின் மேற்பகுதியில் நடந்த அடிமை வணிகத்தை ஒழிக்கவும் அப்பிரதேசத்தைத் தமது ஆட்சியுடன் இணைக்கவும் பேக்கரை நியமித்தார். பாஷா பட்டமும் மேஜர் ஜெனரல் தரமும் ஆண்டுக்கு 10,000 பவுண் சம்பளமும் அவருக்கு வழங்கப்பட்டன. நான்கு ஆண்டுகள் அவர் அங்கே போரிட்டார். கிராமங்களைச் சூழ்ந்து, ஓடுவோரைத் துரத்தி, பிடிபட்டோரைக் கழுத்து நுகத்தில் பிணைத்து இழுத்துச் செல்லும் மனித வேட்டையை அவர் நேரில் கண்டார். பிணைக்கப்பட்டிருந்த பலரை விடுவித்தார். எனினும் அவரது பணிக்கு மறுபக்கமும் உண்டு. 1872இல் புன்யோரோ நாட்டு மன்னர் கபலேகாவின் மக்களோடு மசிண்டியில் மோதி, ஊர் எரிய, அவர் பின்வாங்க நேர்ந்தது. அம்மக்களின் நினைவில் அவர் விடுதலையாளர் அல்லர். தங்கள் மண்ணைப் பறிக்க வந்த ஆக்கிரமிப்பாளரே. 1873இல் அவர் பதவி முடிந்து திரும்பியபோது அடிமை வணிகம் முற்றாக அழிந்திருக்கவில்லை.

பிணைக்கப்பட்ட மனிதனின் துயரம் பேக்கரின் நெஞ்சைத் தொட்டது. நாய்கள் சூழ மடுவில் நின்ற மரையின் துயரம் கடைசிவரை அவரைத் தொடவில்லை. இந்தியாவில் புலி, அமெரிக்க மலைகளில் கரடி என முதுமையிலும் வேட்டை தொடர்ந்தது. காட்டு விலங்குகளையும் அவற்றின் இயல்புகளையும் பற்றிய அவரது பெரிய நூல் 1890இல் வெளிவந்தது. விலங்குகளை அவரளவு நுணுகிக் கவனித்தோர் அக்காலத்தில் சிலரே. அந்த அறிவு இரக்கமாக மாறவில்லை என்பதே அவரது வாழ்வின் பெருங்குறை. 1893 டிசம்பர் 30ஆம் திகதி இங்கிலாந்தின் டெவன் பகுதியில் அவர் இறந்தார். அவர் ஒரு காலத்தில் நாய்களோடு ஓடிய காடுகளினூடே, பட்டிப்பொலவைக் கடந்து ஹப்புத்தளை வரை புகையிரதப் பாதை திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான்.

அவர் விட்டுச் சென்ற வழக்கம் அவரோடு முடியவில்லை. நாய்களை வைத்து மரை வேட்டையாடும் பழக்கம் தோட்டத் துரைமாரிடையே 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை நீடித்தது. ஹோட்டன் சமவெளியில் இன்று பார்வையாளர் நிலையமாக உள்ள பார் இன் கட்டடம் ஒரு காலத்தில் வேட்டைக்காரர் விடுதியாக இருந்ததே. யானைக் கூட்டங்கள் அச்சமவெளியிலிருந்து முற்றாக மறைந்தன. அழிவைக் கண்டு அஞ்சியவர்களும் இருந்தனர். 1872இலும் 1891இலும் வேட்டையைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் வந்தன. 1894இல் வேட்டைப் பிரியர்களே சேர்ந்து விலங்குப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றை அமைத்தனர். 1937இல் வனவிலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. ஹோட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவாகியது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் அது இடம்பெற்றது. மரைகள் இன்று அங்கே அச்சமின்றிப் பார்வையாளர் அருகே மேய்கின்றன. அவற்றைத் தேடிச் சிறுத்தைகளும் வருகின்றன.

ஆனால் பூங்காவின் எல்லை எது என்று சிறுத்தைக்குத் தெரியாது. பட்டிப்பொல, அம்பேவெல தொடக்கம் ஹட்டன், நல்லதண்ணி வரை தேயிலை மலைகளுக்கிடையே எஞ்சியுள்ள சிறு காடுகளும் ஓடைக்கரைகளும்தான் அது நடமாடும் பாதை. அப்பாதைகளில் இன்று காத்திருப்பது துரையின் கத்தி அல்ல, சுருக்குக் கம்பி. பழைய பிரேக் கம்பியோ வேலிக் கம்பியோ போதும். காட்டுப்பன்றிக்காக வைத்ததாகச் சொல்லப்படும் அந்தக் கண்ணி, எந்த விலங்கு வருகிறது என்று பார்த்து இறுகுவதில்லை. சிறுத்தையின் கழுத்திலோ இடுப்பிலோ அது விழுந்தால், விடுபட முயலும் ஒவ்வொரு அசைவிலும் மேலும் இறுகும். 2020 மே மாதத்தில் நல்லதண்ணிக்கு அருகே லக்ஷபான தோட்டத்தில் இவ்வாறு சிக்கியது மிக அரிதான கருஞ்சிறுத்தை ஒன்று. மீட்கப்பட்டு உடவளவைக்குச் சிகிச்சைக்காகக் கொண்டு செல்லப்பட்டும் சில நாட்களில் அது இறந்தது. வளர்ந்த சிறுத்தைகள் இந்நாட்டில் ஆயிரத்துக்கும் குறைவாகவே இருப்பதாக மதிப்பிடப்படும் நிலையில், ஒவ்வொரு மரணமும் ஈடு செய்ய இயலாத இழப்பாகும்.

இங்கே பழியைத் தோட்டத் தொழிலாளர் மீது மட்டும் சுமத்துவது நியாயமாகாது. குறைந்த கூலியில் வாழும் குடும்பம் இறைச்சிக்காகப் பன்றிக்குக் கண்ணி வைப்பதும், மரக்கறித் தோட்டத்தைக் காக்க வைப்பதும் ஒன்று; வசதியுள்ளோர் விடுமுறைப் பொழுதுபோக்காக நாய்களோடும் கண்ணியோடும் காடேறுவது வேறொன்று. கொழுந்து பறிக்கும் பெண், புதருக்குள் சிறுத்தை படுத்திருக்குமோ என்று அஞ்சுவதும் உண்மையான அச்சமே. அந்த அச்சத்தை அலட்சியம் செய்துவிட்டு வனவிலங்குப் பாதுகாப்பைப் பேசுவதில் பயனில்லை. ஆனால் சிறுத்தையை அகற்றினால் பன்றி பெருகும். பன்றி பெருகினால் தோட்டமும் வயலும் அழியும். இதைப் பட்டறிவால் உணர்ந்தவர்கள் தோட்ட மக்களே.

செய்யக்கூடியவை பல உள்ளன. லயங்களைச் சுற்றிக் கழிவுகள் குவியாமல் பார்த்துக் கொண்டால் தெரு நாய்கள் பெருகா. நாய்கள் குறைந்தால் சிறுத்தை குடியிருப்பை நாடுவதும் குறையும். வளர்ப்பு நாய்களையும் ஆடுமாடுகளையும் இரவில் அடைத்து வைக்கலாம். தோட்ட நிர்வாகங்கள் ஓடைக்கரைகளில் கம்பிகளைத் தேடி அகற்றும் வேலையைக் கூலியோடு கூடிய முறையான வேலையாக்க வேண்டும். சிக்கிய விலங்கைச் சுற்றிக் கூட்டம் கூடிக் கைபேசியில் படம் பிடிப்பதை விடுத்து, வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு உடனே அறிவித்து ஒதுங்கி நிற்பதே அதற்கும் நமக்கும் பாதுகாப்பு.

நமது சமயங்களும் மரபுகளும் இவ்விடயத்தில் தெளிவாகவே உள்ளன. உணவுக்காக வேட்டையாட அனுமதிக்கும் இஸ்லாம், உயிருள்ள ஒன்றை விளையாட்டு இலக்காக்குவதைத் தடுத்திருக்கிறது. பூனையொன்றை உணவின்றி அடைத்து வைத்துச் சாகடித்த பெண்ணின் கதி நபிமொழியில் எச்சரிக்கையாகச் சொல்லப்படுகிறது. சிறுத்தையும் பூனைக் குடும்பத்ததே. வள்ளுவர் கொல்லாமைக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். சிறுத்தையைக் கண்ணியில் கட்டிவிட்டுப் பார்த்து மகிழும் வழக்கத்துக்கு இவற்றில் எதிலும் இடமில்லை.

சாமுவேல் பேக்கர் துணிவுள்ளவர், உழைப்பாளி, அடிமைகளின் விலங்கை அறுத்தவர். அவரிடமிருந்து கற்க வேண்டியவை உண்டு. எனினும் வேட்டை மட்டும் அவரோடு போகட்டும். அடுத்த விடுமுறையில் பட்டிப்பொல வழியாகப் பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் அந்த நீர்வீழ்ச்சியின் முன் நின்று, பேக்கரின் கதையை முழுமையாகச் சொல்லட்டும். காட்டைக் குடும்பத்தோடு பார்ப்பது நல்ல பொழுதுபோக்கு. அதில் கம்பிக்கும் கண்ணிக்கும் இடமில்லை என்பதையும் அப்போதே சொல்லிக் கொடுக்கட்டும்.